எட்டு ஜோன்களில் ஒரு வீடு

திருட்டு அலாரத்தின் பேனலுக்கு வீடு என்று ஒன்று தெரியாது. இரண்டிரண்டாக வந்து சேரும் சில கம்பிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஓடும் சிறிய மின்னோட்டம், அது மாறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பு. அதன் உலகம் இவ்வளவுதான். அந்தக் கம்பி ஜோடி ஒவ்வொன்றும் ஒரு ஜோன். வாசற்கதவு ஒரு ஜோன், கொல்லைக்கதவு ஒரு ஜோன், மொட்டைமாடிக் கதவு ஒன்று, கூடத்து மூலையில் உயரத்தில் மாட்டிய சென்சார் ஒன்று. வீடுகளுக்கென்று விற்கும் சாதாரணப் பேனல்களில் ஆறோ எட்டோ ஜோன்கள் இருக்கும்; கம்பியில்லா வகையில் எண்ணிக்கை கூடும், கணக்கு மாறாது. கம்பி இழுத்துச் சென்சார் மாட்டுவது கைவேலை. எந்த ஜோன் எந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டும், எவ்வளவு பொறுக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று எழுதுவதுதான் புரோகிராமிங். அப்படி எழுதப்படுவதில் திருடனைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. எல்லாம் வீட்டுக்காரரைப் பற்றியது: அவர் எப்போது எழுகிறார், எந்தக் கதவை முதலில் திறக்கிறார், எங்கே தூங்குகிறார், எப்போதெல்லாம் ஊரில் இருப்பதில்லை.

மைசூருவில் குவெம்புநகர், விஜயநகர், போகாதி போன்ற லேஅவுட்களில் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் எழும்பிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர், பக்கவாட்டில் வெளிப்படிக்கட்டு, உச்சியில் தண்ணீர்த்தொட்டியும் சோலார் ஹீட்டரும். முன்னால் கிரில் போட்ட போர்டிகோ, பின்னால் துவைகல் கிடக்கும் யுட்டிலிட்டி. பிள்ளைகள் பெங்களூருவிலோ கடல் கடந்தோ இருக்க, ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். பேரப்பிள்ளை பிறந்தால் அந்த வீடு மாதக்கணக்கில் பூட்டிக்கிடக்கும். லட்சுமிபுரம், சாமராஜபுரம் போன்ற பழைய பகுதிகளில் நிலைமை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பிளேக்குக்குப் பிறகு, 1903இல், மைசூருக்கு நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. காற்றும் சுகாதாரமும் அன்றைய நகரத் திட்டத்தின் தாரக மந்திரம். பழைய பகுதிகளில் வீட்டுவரிசைகளின் முதுகுப்பக்கம் ஓடும் கன்சர்வன்சி சந்துகள் துப்புரவுக்காக விடப்பட்டவை. இப்போது அங்கே பகலிலும் ஆள்நடமாட்டம் குறைவு. ஒரே கம்பெனியின் ஒரே பேனல்தான் என்றாலும் லட்சுமிபுரத்தில் கொல்லைக்கதவுக்கு எழுதும் குறிப்பும் போகாதியில் எழுதும் குறிப்பும் ஒன்றாக இருக்க முடியாது.

இருப்பிடத்தை உட்பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தன்மையுள்ள காவல் வைப்பது மின்சாரத்தோடு வந்த யோசனை அல்ல. அதைப் பற்றிய பழைய, விரிவான குறிப்புகளில் ஒன்று உலகுக்குத் திரும்பக் கிடைத்தது மைசூருவில்தான். 1891இல் தொடங்கிய கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியில், ஆர். சாமசாஸ்திரி கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைக் கண்டுகொண்டார். மூலம் 1909இல் அச்சேறியது. முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1915இல் வந்தது. அதன் முதல் அதிகரணத்தில் அரசனின் உறைவிடம் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த கட்டுகளாகச் சொல்லப்படுகிறது. அரசன் படுக்கையிலிருந்து எழுந்ததும் முதலில் எதிர்கொள்பவர்கள் வில்லேந்திய பெண்கள். அடுத்த கட்டில் அங்கியும் தலைப்பாகையும் அணிந்த ஏவலர். மூன்றாவதில் கூனரும் குள்ளரும் கிராதர் என்ற மலைவாசிகளும். நான்காவதில்தான் அமைச்சரும் உறவினரும் வேலேந்திய வாயிற்காவலரும். கட்டுக்குக் கட்டு காவலின் எண்ணிக்கை மாறுவதாக அங்கே இல்லை; காவலின் வகை மாறுகிறது. இன்றைய பேனலில் ஜோனுக்கு எண் கொடுத்தால் மட்டும் போதாது, வகையும் கொடுக்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

அதே நூலில் பறவைகளும் வருகின்றன. பாம்பின் நஞ்சைக் கண்டால் கிளியும் மைனாவும் கூச்சலிடும், சகோரத்தின் கண் நிறம் மாறும், மத்தகோகிலம் செத்துவிழும். ஒரே அபாயத்துக்கு வெவ்வேறு வகையான அறிவிப்பு. கிளி மறுநாளும் கூவும், கோகிலம் ஒருமுறைதான் உதவும் என்ற வித்தியாசத்தைக் கௌடில்யர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் அதிகரணத்தில் திருட்டுப்போன வீட்டை எப்படிப் பரிசோதிப்பது என்ற பகுதி இன்னும் நெருக்கமானது. கதவல்லாத வழியில் நுழைந்தானா, கதவைக் கருவியால் பெயர்த்தானா, ஜன்னலையா, மாடியின் கூரையையா, சுவரில் கன்னம் வைத்தானா, சுரங்கம் தோண்டினானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வேலை உள்ளாளுடையதா, வெளியாளுடையதா, இருவருடையதுமா என்று தீர்மானிக்கச் சொல்கிறது அது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 445ஆம் பிரிவும் வீட்டை உடைத்து நுழைதலுக்கு ஆறு வழிகளை வரிசையிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவு அந்த ஆறையும் அப்படியே வைத்திருக்கிறது. தானே உண்டாக்கிய வழி, மனிதர் நுழைவதற்கென்று அமையாத வழி, வீட்டுக்காரர் நினைத்திராத முறையில் திறந்த வழி, பூட்டைத் திறந்து வந்த வழி, ஆளை அடித்தோ மிரட்டியோ பெற்ற வழி, அடைத்துக் கட்டியிருந்ததை அவிழ்த்து வந்த வழி. பழைய சட்டம் தரும் உதாரணங்களில் ஒன்று, தொலைந்துபோன சாவியைக் கண்டெடுத்து அதைக் கொண்டே கதவைத் திறந்து நுழைபவனைப் பற்றியது. சட்டத்தின் கண்ணில் அவனும் கன்னமிட்டவனும் ஒன்று. பேனலின் கண்ணில் அப்படியல்ல. சாவியோடு வருபவன் வீட்டுக்காரரைப் போலவே வருகிறான். அவன் வேற்றாள் என்று தெரிய பேனலுக்குச் சில நொடிகள் ஆகும். ஜோன் வகைகளின் சிக்கல் பெரும்பாலும் இந்தச் சில நொடிகளைச் சுற்றியது.

மின்சார அலாரத்தின் கதை சுருக்கமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் 1853இல் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும். திறந்ததை மறுபடி சாத்தினாலும் மணி நிற்காது. 1857இல் எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை விலைக்கு வாங்கித் தொழிலாக்கினார். மணி அடிக்கிறது, ஆனால் எங்கே என்ற கேள்வி உடனே எழுந்திருக்க வேண்டும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே எந்த அறை என்று காட்டும் சிறு பலகைகள் மணியோடு சேர்ந்துவந்தன. ஜோனின் பிறப்பு அங்கேதான். கதவு நிலையில் இன்றும் பொருத்தப்படும் காந்தச் சுவிட்ச், பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1930களில் உருவாக்கிய ரீட் சுவிட்சின் வாரிசு. கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் அருகில் இருக்கும்வரை ஒட்டியிருக்கும், விலகினால் பிரியும். இவ்வளவு எளிமையான பொருள் இத்தனை காலம் நிலைத்ததற்கு அதன் எளிமையே காரணம்.

ஒரு ஜோன் மின்னளவில் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பேனல்களில் நடக்கும் மிகப் பரவலான பிழை இங்கேதான் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கும்போது சுற்று மூடியிருக்கும், மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலோ யாராவது கம்பியை வெட்டினாலோ ஓட்டம் நிற்கும், பேனல் விழிக்கும். இதுவரை சரி. ஆனால் விவரம் தெரிந்தவன் கம்பியை வெட்ட மாட்டான். இரண்டு கம்பிகளின் தோலையும் சீவி ஒன்றோடொன்று முறுக்கிவிடுவான். அதற்குப் பிறகு கதவைப் பெயர்த்து எடுத்துப்போனாலும் பேனலுக்கு ஓட்டம் நிற்காது. இதற்கு மாற்றாகக் கம்பியின் கடைக்கோடியில், சென்சாருக்குள்ளேயே, ஒரு ரெசிஸ்டர் வைக்கப்படுகிறது. பேனலின் வகையைப் பொறுத்து 2.2 கிலோ ஓம், 5.6 கிலோ ஓம் என்று அதன் மதிப்பு மாறும். இப்போது பேனல் ஓட்டம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பதில்லை. தான் எதிர்பார்க்கும் அளவு தடை இருக்கிறதா என்று பார்க்கிறது. தடை முடிவிலியானால் கதவு திறந்திருக்கிறது அல்லது கம்பி அறுந்திருக்கிறது. தடை பூச்சியமானால் யாரோ கம்பிகளை இணைத்திருக்கிறார்கள். இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் கதவு திறந்ததையும் கம்பி அறுந்ததையும்கூடப் பிரித்தறியலாம்.

அந்த ரெசிஸ்டர் கடைக்கோடியில் இருந்தால்தான் இத்தனையும் நடக்கும். ஏணியில் ஏறிச் சென்சாரைத் திறந்து உள்ளே முறுக்குவதற்குப் பதில், எல்லா ரெசிஸ்டரையும் பேனல் பெட்டிக்குள்ளேயே வரிசையாகப் பொருத்திவிட்டுப் போகும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. கீபேடில் எல்லாம் பச்சையாகத் தெரியும். சோதனையிலும் தேறும், கதவைத் திறந்தால் ஹூட்டர் அலறும். ரெசிஸ்டருக்கு அப்பால் உள்ள கம்பி முழுவதும் பழைய, ஏமாற்றக்கூடிய கம்பியாகவே கிடக்கும். பெட்டியைத் திறந்து பார்க்காமல் வீட்டுக்காரர் இதை அறிய வழியில்லை. புரோகிராமிங் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அதற்கு வந்துசேரும் தகவல் இந்த அளவில் பொய்யாக இருக்கலாம்.

கம்பிக்கு அடுத்தது வகை. வாசற்கதவுக்குத் தாமத ஜோன். கதவு திறந்ததும் பேனல் கீச்சிடத் தொடங்கும். குறித்த நொடிக்குள் கீபேடில் எண்ணை அழுத்தாவிட்டால் ஹூட்டர். அமெரிக்காவில் பொய் அலாரங்களைக் குறைக்க வந்த சிபி-01 என்ற தரநிலை, நுழைவுத் தாமதம் 30 நொடிக்குக் குறையக் கூடாது என்கிறது. காரணம் எளிது: அவசரத்தில் எண் மறக்கும். முழங்கால் வலியோடு, இரண்டு கையிலும் பையோடு, தேவராஜ மார்க்கெட்டிலிருந்து திரும்பும் எழுபது வயதுக்காரருக்கு 30 நொடியும் போதாது, 45 வைக்கலாம். சாவியைக் கண்டெடுத்தவனுக்கும் அதே 45 நொடி கிடைக்கும் என்பதுதான் விலை. அதைக் கொடுத்தாக வேண்டும்.

கொல்லைக்கதவு, மாடிக்கதவு, ஜன்னல்கள் உடனடி ஜோன்கள். வீட்டுக்காரர் வெளியே போயிருக்கும்போது அந்த வழிகளில் நியாயமாக யாரும் வர முடியாது. எனவே பொறுமை தேவையில்லை. கூடத்துச் சென்சார் மூன்றாவது வகை, பின்தொடரும் ஜோன். வாசற்கதவு முதலில் திறந்து அதன் பிறகு கூடத்தில் அசைவு தெரிந்தால் அது வீட்டுக்காரர் கீபேடை நோக்கி நடப்பது. தாமதம் அதற்கும் நீளும். வாசற்கதவு திறக்காமலே கூடத்தில் அசைவு என்றால் வந்தவர் வேறு வழியாக வந்தவர். ஒரு நொடியும் கிடையாது. பேனல் நேரத்தை மட்டுமல்ல, வரிசையையும் பார்க்கிறது. எந்த அறைக்குப் பின் எந்த அறை என்ற அந்த வரிசைதான் வீட்டின் உண்மையான வரைபடம். கட்டிடக் கலைஞர் போட்ட பிளானில் அது இருப்பதில்லை. கீபேடை வாசலுக்கு அருகில் வைக்காமல் படுக்கையறைப் பக்கம் மாட்டிவிட்டால், நடுவில் உள்ள ஒவ்வொரு சென்சாரையும் பின்தொடரும் வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அதாவது வீட்டின் பாதிக் காவலைத் தளர்த்த வேண்டியிருக்கும். வீட்டுக்காரர்கள் இதை அழகுப் பிரச்சினையாக நினைத்துக் கீபேடுக்கு இடம் சொல்வது வழக்கம்.

கூடத்துச் சென்சார் என்பது பெரும்பாலும் பி.ஐ.ஆர்., அதாவது பாசிவ் இன்ஃப்ராரெட். அது எதையும் வெளியே அனுப்புவதில்லை, வருவதை மட்டும் வாங்குகிறது. மனிதத் தோல் ஏறக்குறைய 33 டிகிரியில் 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிரை உமிழ்கிறது. சென்சாரின் முன்னால் உள்ள பிளாஸ்டிக் வில்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் கலங்கரை விளக்குகளுக்காக அமைத்த வில்லையின் வழிவந்தது. அது அறையை விசிறிபோல் பட்டைகளாகப் பிரிக்கிறது. வெப்பமான உடல் ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும்போதுதான் சைகை பிறக்கும். சென்சாரை நோக்கி நேராக மெல்ல நடந்தால் பட்டைகள் அதிகம் கடக்கப்படுவதில்லை. எனவே வந்தவன் தனக்குக் குறுக்கே நடக்க வேண்டியிருக்கும் சுவரில், தரையிலிருந்து ஏழடி உயரத்தை ஒட்டி, அதைப் பொருத்த வேண்டும்.

ஊரின் தட்பவெப்பம் இங்கே குறுக்கிடுகிறது. பி.ஐ.ஆர். பார்ப்பது உடலுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை. வேலூரிலோ சென்னையிலோ மே மாதம் பூட்டிய வீட்டின் சுவர் உடலளவுக்குச் சூடாகிவிட்டால் ஆள் சுவரோடு சுவராகக் கரைந்துவிடுவார். கடல்மட்டத்துக்கு 750 மீட்டருக்கு மேல் இருக்கும் மைசூருவில் ஏப்ரல் மாத உச்சமே பொதுவாக 34, 35 டிகிரிதான். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள மாடியறையைத் தவிர மற்ற இடங்களில் அந்தச் சங்கடம் குறைவு. இந்த ஊரின் தொந்தரவு வேறு வகை. சென்சார் முகப்பின் மேல் ஊரும் பல்லி, அருகில் வந்ததாலேயே பெரிய உடலாகத் தெரியும். பூஜையறையை நோக்கிய சென்சாருக்கு அணைக்காமல் விட்டுப்போன விளக்கின் சுடரும் காற்றில் ஆடும் வெப்பம். சில கிலோ எடையுள்ள நாய், பூனையைப் பொருட்படுத்தாத வகைகள் உண்டு. குரங்கு தாவுவதால் அந்தக் கணக்குக்குள் அடங்காது. 2024 டிசம்பர் 31 அன்று மைசூரு ஹெப்பாள் பகுதியில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் சிறுத்தை நுழைந்து ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி ஆனது. பி.ஐ.ஆர். கணக்கில் சிறுத்தையும் ஆளும் ஒன்றே. அந்தத் தவறுக்காக அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

புகை, சமையல் எரிவாயுக் கசிவு, அபாயப் பொத்தான், பேனல் பெட்டியின் மூடி ஆகியவை இருபத்துநான்கு மணிநேர ஜோன்கள். அலாரம் ஆர்ம் ஆகி, அதாவது காவலுக்கு இயக்கப்பட்டு, இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை விழித்திருக்கும். இதில் சொல்வதற்கு அதிகமில்லை, புகைச் சென்சாரைச் சாம்பிராணி போடும் இடத்திலிருந்து தள்ளிவைக்க வேண்டும் என்பதைத் தவிர. அபாயப் பொத்தானுக்குச் சத்தம் வேண்டுமா, சத்தமில்லாமல் அழைப்பு மட்டும் போக வேண்டுமா என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் கேட்காமல் முடிவுசெய்யக் கூடாது. கத்தியோடு நிற்பவன் எதிரில் ஹூட்டர் அலறுவது எல்லாருக்கும் உதவாது.

ஆள் உள்ளே இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் புரோகிராமிங்கில் வாழ்க்கை நுழையும் இடம். வெளியே போகும்போது எல்லா ஜோன்களும் ஆர்ம் ஆகும். இரவில் தூங்கும்போது கதவு, ஜன்னல் போன்ற ஓரத்து ஜோன்கள் மட்டும். உள்ளே உள்ள பி.ஐ.ஆர்.கள் விலக்கப்படும், இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்தவர் தெருவையே எழுப்பிவிடுவார். இரண்டு நிலைக்கும் இரண்டு பொத்தான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரவு எப்போது முடிகிறது? மைசூரு வீடுகளில் அது ஒரு கடிகார நேரத்தில் முடிவதில்லை. முதலில் எழுபவர் அம்மா. ஐந்தரைக்கு வாசல் தெளித்துக் கோலமிட முன்கதவு திறக்கும், நந்தினி பால் பாக்கெட் கேட்டில் தொங்கும், பூப்பறிக்கக் கொல்லைக்கதவு. மார்கழியில் இதுவே இன்னும் முன்னதாக. வேலைக்கார அம்மாள் ஏழு மணிக்கு யுட்டிலிட்டிப் பக்கம் வருவார். இந்த வரிசை தெரியாமல் எழுதப்பட்ட பேனலில் முதல் வாரமே நான்கு முறை ஹூட்டர் அலறும்; இரண்டாம் வாரம் அம்மா அதை ஆர்ம் செய்வதை நிறுத்திவிடுவார். அலாரம் வைத்திருந்தும் அணைத்துவைத்திருந்த வீடு திருட்டுப்போனால் குற்றம் சாதனத்தின் மேல் விழும். உண்மையில் அது அந்த வீட்டின் விடியற்காலையைக் கேட்டறியாத குற்றம்.

ஆகவே நல்ல டெக்னீஷியன் கம்பிக்கட்டை அவிழ்ப்பதற்கு முன் கேள்விகள் கேட்பார். கொல்லைக்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? மகன் ஊரிலிருந்து வந்தால் எந்த அறையில் படுப்பான், ராத்திரி எத்தனை மணிக்கு வருவான்? தண்ணீர்த்தொட்டியைப் பார்க்க மாடிக்கு யார் போவார்? இவை அந்தரங்கமான கேள்விகள், அதுவும் அறிமுகமில்லாதவர் கேட்பவை. கேட்காத டெக்னீஷியனின் வேலை உதவாது. கேட்டவரின் கையில் வீட்டின் முழு அன்றாடமும் போய்விடும். கௌடில்யர் உள்ளாளைத் தனியாகத் தேடச் சொன்னது இந்த இடத்தில் நினைவுக்கு வரத்தான் செய்யும். இன்ஸ்டாலர் கோடு எனப்படும் இரண்டாவது எண், ஜோன்களின் வகையையே மாற்றும் அதிகாரம் உள்ளது. அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடி மாற்றப்படாமல் கிடக்கும் பேனல்கள் ஏராளம். வேலை முடிந்த அன்றே அதை மாற்றி வீட்டுக்காரரிடம் எழுதிக்கொடுப்பது, ரெசிஸ்டரைச் சரியான இடத்தில் வைப்பதற்கு இணையான தொழில் ஒழுக்கம்.

மேலே குடித்தனம் இருக்கும் வீட்டில் ஒரே பேனலை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். கீழ்வீட்டுக்கு அதன் ஜோன்கள், மேல்வீட்டுக்கு அதன் ஜோன்கள், அவரவர் எண், அவரவர் நேரம். தகராறு பொதுவானவற்றில்: வெளிப்படிக்கட்டின் கிரில், மொட்டைமாடிக் கதவு. இருவரும் ஆர்ம் செய்தால்தான் பொது ஜோன் ஆர்ம் ஆகும் என்பது வழக்கமான ஏற்பாடு. நியாயமானதுதான், ஆனால் குடித்தனக்காரப் பையன்கள் இரவு பன்னிரண்டுக்குத் திரும்பும்வரை மாடிக்கதவுக்குக் காவல் இல்லை என்று பொருள். மைசூருவில் அக்கிரகாரம் போன்ற, வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் மொட்டைமாடிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டக்கூடியவை. அங்கே மாடிக்கதவைப் பொது ஜோனாக விடாமல் வீட்டுக்காரரின் பகுதியிலேயே சேர்த்து, குடித்தனக்காரர் போகும் நேரத்துக்குத் தனி எண் கொடுப்பது மேல்.

மழைக்காலம் இன்னொரு பாடம். ஜூன் முதல் அக்டோபர்வரை பழைய மரக்கதவு ஊதும், முழுவதும் சாத்தாது. காந்தத்துக்கும் ரீட் சுவிட்சுக்கும் இடையில் அனுமதிக்கப்பட்ட இடைவெளி சாதாரண வகைகளில் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். இரும்புக் கதவில் அது பாதியாகக்கூடக் குறையும். ஊதிய கதவு இரவுக்காற்றில் சற்று நகர்ந்தால் போதும். ஏப்ரல், மே மாத இடிமழையில் கம்பியில் ஏறும் மின் அதிர்வும் இதே வேலையைச் செய்யும். ஒரே ஜோன் திரும்பத்திரும்ப அலறினால் குறிப்பிட்ட தடவைக்குப் பிறகு அதைத் தானாகவே விலக்கிவைக்கும் வசதி பல பேனல்களில் உண்டு. அக்கம்பக்கத்தாரின் தூக்கத்துக்கு அது நல்லது. கதவை மூன்று முறை ஆட்டிவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவனுக்கும் நல்லது. எந்த ஜோனுக்கு இந்த வசதி, எதற்கு வேண்டாம் என்று தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். மொத்தமாக இயக்கிவிட்டுப் போவது சோம்பல். ஒரு ஜோனின் சைகையை இன்னொன்று உறுதிசெய்தால்தான் ஹூட்டர் என்று இரண்டை இணைத்துவைப்பது பல்லித் தொந்தரவுக்குச் சிறந்த மருந்து.

கடைசியாகப் பெயர். அலாரம் அடித்தால் பேனல் யாரிடமாவது சொல்ல வேண்டும். கண்காணிப்பு மையங்களுக்காக அமெரிக்காவின் அடெம்கோ நிறுவனம் உருவாக்கிய கான்டாக்ட் ஐடி முறையில் எல்லாம் எண்கள்: 110 என்றால் தீ, 120 என்றால் அபாயப் பொத்தான், 131 ஓரத்து ஜோன், 132 உள் ஜோன், அதன்பின் ஜோனின் மூன்று இலக்க எண். அதைப் படிக்க மையத்தில் ஆள் இருக்கிறார். இந்திய வீடுகள் பெரும்பாலானவற்றில் அப்படி மையம் எதுவும் இல்லை. சிம் போட்ட டயலர் மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அழைக்கும், குறுஞ்செய்தி அனுப்பும். அந்தச் செய்தியில் ஜோன் 3 என்று மட்டும் இருந்தால் நியூஜெர்சியில் இருக்கும் மகன் என்ன செய்வான்? சமையலறை என்றால்கூடப் போதாது. உள்ளே போகாமல் எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கோ 112க்கு அழைத்தால் வரும் போலீஸ்காரருக்கோ தெரிய வேண்டும். கொல்லைச் சந்துக் கதவு, வெளிப்படி மாடிக்கதவு என்று வெளியிலிருந்து பார்ப்பவரின் பெயர்களே பயன்படும். வந்து பார்ப்பவருக்குக் கன்னடம்தான் வரும் என்றால் பெயரும் கன்னடத்தில் இருப்பது நல்லது.

சொல்லும் வழி அறுந்தால் பெயரால் பயனில்லை. பழைய டயலர்கள் 2ஜி மட்டுமே அறிந்தவை. 2ஜி சேவையே தராத ஜியோவின் சிம்மை அவற்றில் போட்டால் பேசாது. ப்ரீபெய்டு சிம் ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தால் எதுவுமே பேசாது, அதுவும் வீடு பூட்டிக்கிடக்கும் மாதங்களில்தான் அதை மறப்பார்கள். மின்தடைக்கென்று வைக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சில ஆண்டுகளே ஆயுள். மின்சாரம் போனது, பேட்டரி தளர்ந்தது ஆகிய இரண்டையும் செய்தி அனுப்பும் பட்டியலில் சேர்க்க மறந்த பேனல், வெளியே பார்க்க ஆர்ம் ஆனதுபோலவே இருந்துகொண்டு செத்துப்போயிருக்கும். ஆளில்லாத வீடுகளுக்கு ஆந்திரக் காவல்துறை வேறொரு வழி கண்டது: ஊருக்குப் போகிறவர் செயலியில் பதிவுசெய்தால், அசைவை அறியும் கேமராவைக் காவலர்களே வந்து பொருத்தி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனிப்பார்கள். அங்கே ஜோன் ஒன்றே ஒன்று, வகையும் ஒன்றே. வீட்டில் யாரும் வாழவில்லை என்பதால் அது போதும்.

எழுதி முடித்த பிறகு நடந்து பார்க்க வேண்டும். பேனலைச் சோதனை நிலைக்கு மாற்றி, ஒருவர் கீபேடின் முன் நிற்க, மற்றவர் வாசலில் தொடங்கி ஒவ்வொரு கதவாகத் திறந்து, ஒவ்வொரு அறையாகக் குறுக்கே நடந்து வருவார். திறந்த கதவும் கீபேடில் தோன்றும் பெயரும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படும். கம்பிகள் இடம்மாறி, மாடியைத் திறந்தால் சமையலறை என்று காட்டுவது சாதாரணம். இதை வீட்டுக்காரர்களே நடந்து பார்ப்பது டெக்னீஷியன் நடப்பதைவிட நல்லது, ஏனென்றால் அவர்கள் நடக்கும் வழியில்தான் நடப்பார்கள். மருமகள் வந்தாலும், குடித்தனம் மாறினாலும், கூடத்துச் சோபாவை இடம் மாற்றினாலும் அதே நடையை மறுபடி நடந்து, ஜோன் பட்டியலைத் திருத்தி, பேனல் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும்.